கலந்தாலோசிக்காத ஆட்சி
(தஞ்சையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இதோ, கடல் தாண்டினால் இலங்கை. 2020இல் கொரோனாவில் மவுத்தான முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அந்த அரசு எரித்தது. 'அடக்கம் செய்யலாம்' என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2024இல்தான் மன்னிப்புக் கேட்டார்கள்.

2021இல் விவசாயியைக் கலக்காமல் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நெல் விளைச்சல் விழுந்தது, விலை ஏறியது. 2022 ஜூலையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒன்றாக வீதிக்கு வந்தனர். அதிபர் கோத்தபய ராஜபக்சே நாட்டை விட்டே ஓடினார்.

நெல்லை நம்பி வாழும் டெல்டா மக்களே! ஒருவன் மையவாடியை மதிக்காத அரசு, அடுத்தவன் வயலையும் மதிக்காது. 'ஷூரா' எனும் கலந்தாலோசனை நம் மார்க்கம் தந்த பாடம். இளைஞர்களே, வணிகர்களே! கிராம சபைக்குப் போங்கள், கணக்குக் கேளுங்கள். பக்கத்து வயல்காரருக்காகவும் சேர்த்தே கேளுங்கள்.