தொழிலாளரும் நோய்க் காப்பீடும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில்வே ஊழியருக்கு இரயில்வேயிலேயே மருத்துவமனை உண்டு. ஆதலின் நோய்க் காப்பீட்டைப் பற்றி எம் போன்றோர் அதிகம் எண்ணியதில்லை. ஆயின் நம் காலனிப் பிள்ளைகளுள் பலர் இன்று பீனியாத் தொழிற்சாலைகளிலும், ஆயத்த ஆடைக் கம்பெனிகளிலும், ஒப்பந்தக்காரரிடமும் வேலை பார்க்கின்றனர். அவர்களுள் ஒருவரைக் கேட்டால், "எனக்கு என்ன நோய் வரப்போகிறது?" என்பார். மற்றொருவர், "கட்டினால் திரும்பவா வரும்?" என்பார். இவ்விடைகளை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் வாசலில் நிற்கும்போது, வராத நோய்க்கு இன்றே பணம் கொடு என்றால் யாருக்குத்தான் கை வரும்?

இதற்கு நம் கர்நாடகத்திலேயே ஒரு சான்று உண்டு. டாக்டர் தேவி ஷெட்டி அவர்களின் முயற்சியால், கூட்டுறவுச் சங்க உறுப்பினரான உழவர்களுக்கென யஷஸ்வினித் திட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. மாதம் 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 60 ரூபாய். அரசும் பொருளுதவி செய்தது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 16 இலட்சம் பேர் சேர்ந்தனர். தொகை சிறிது என்பது மட்டும் காரணமன்று. பணம் வாங்கியவர் முன்பின் அறியாத முகவரல்லர். தம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தார். முகம் தெரிந்தவரிடம் கொடுத்த பணத்தைக் கேட்கவும் இடமுண்டு அல்லவா?

2005இல் அத்தொகை 120 ரூபாயாயிற்று. உடனே உறுப்பினர் எண்ணிக்கையில் பல இலட்சம் குறைந்தது. நாட்கணக்கில் பார்த்தால் இருபது காசுகூட ஏறவில்லை. ஆனால் ஐவர் உள்ள வீட்டில் ஒரே தவணையில் 500 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்கவேண்டும். மேலும் அத்திட்டம் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்கே உரியது. காய்ச்சலோடு ஆண்டு கழிந்த வீட்டார் சென்ற ஆண்டுப் பணம் வீண் என்று எண்ணினால் வியப்பில்லை. அத்திட்டம் 2018இல் வேறொரு திட்டத்தோடு இணைக்கப்பெற்று, 2022இல் மீண்டும் தொடங்கப்பெற்றது.

ஈ.எஸ்.ஐ. வேறு வகை. 1948இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1958இல் பெங்களூருக்கு வந்தது. இங்கே சேருவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை, சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள். 2019 ஜூலையில் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 75 காசாகவும், முதலாளியின் பங்கு 3 ரூபாய் 25 காசாகவும் குறைக்கப்பட்டன. அக்கணக்கில் 15,000 ரூபாய் வாங்குபவர் 113 ரூபாய் கொடுக்க, முதலாளி 488 ரூபாய் கொடுக்கிறார். நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு எழுபது கிடைக்கும். தாய்மார்கள் கவனிக்க: மகப்பேற்றுக்கு 26 வாரம் முழுக் கூலி.

இவ்வளவு இருந்தும் பலர் அந்த மருந்தகத்தை எட்டிப் பார்ப்பதில்லை. அரைநாள் வரிசையில் நின்றால் அரைநாள் கூலி போகும். ஆதலின் தெருமுனை டாக்டரிடம் 300 ரூபாய் கொடுத்துவிட்டு, "எதற்குத்தான் பிடிக்கிறார்களோ" என்று முணுமுணுக்கிறார்கள். அந்த முணுமுணுப்பைக் கேட்டு வளரும் தம்பி, தானே விரும்பிச் சேரவேண்டிய காப்பீட்டில் சேருவானா?

வந்தேறிய நமக்கு இன்னும் இரண்டு இடையூறுகள். மனைவி மக்கள் வேலூரிலோ தருமபுரியிலோ இருந்தால் நமக்குப் பயனில்லை என்று நினைக்கிறோம். அவர்கள் தம் ஊர்ப் பக்கத்து மருந்தகத்திலேயே பதிந்துகொள்ளலாம். அடுத்து, ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதிய எண் வாங்கிவிடுகிறோம். எண் ஒருவருக்கு ஒன்றுதான்; வேலை மாறினாலும் அதுவே தொடரும். ஆறுமாதப் பருவத்தில் 78 நாட்களுக்குச் சந்தா சேர்ந்தால்தான் நோய்க்காலக் கூலி உண்டு. இரண்டு எண்ணில் பிரிந்து கிடந்தால் 78 எப்படி நிரம்பும்?

செயலாளர் அவர்களின் இசைவோடு, ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 12 மணி வரை நானும் நண்பர் இருவரும் நம் சங்க நூல்நிலையத்தில் அமர்ந்திருப்போம். சம்பளச் சீட்டு, ஆதார் அட்டை, பழைய எண் எதுவாயினும் கொண்டு வாருங்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவங்களை நிரப்பித் தருகிறோம். பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.