நல்லொழுக்கம் என்பது யாது?

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

25 ஆண்டுகளுக்கு முன், ஒரு வீட்டுத் திண்ணையில், ஒரு கரும்பலகையோடும் பதினொரு பிள்ளைகளோடும் நாம் மாலை வகுப்பைத் தொடங்கினோம். இன்று அவ்வகுப்பில் படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அரசு அலுவலர்களாகவும் இவ்வரங்கில் வீற்றிருக்கக் காண்கின்றோம். மகிழ்ச்சி பொங்கும் இந்நாளில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர், எத்தனை பேர் வேலைக்குச் சென்றனர் என்று கணக்குக் கூறலாம். ஆண்டறிக்கை அதனைச் செவ்வனே கூறிவிட்டது. நாம் பேச எடுத்துக்கொண்டது ஆண்டறிக்கையில் இடம்பெறாத ஒன்று. நம் பிள்ளைகட்கு நல்லொழுக்கத்தை எங்ஙனம் கற்பிப்பது என்பதே அது.

அதற்கு முன்னால் ஒரு வினா எழுகின்றது. நல்லொழுக்கம் என்பது யாது? இவ்வினாவை மற்றவர்கள் கேளாமற் போகலாம். நாம் கேளாதிருத்தல் இயலாது. ஏனெனில், 'நல்லவன்' என்னும் சொல் நம் முன்னோர்க்கு எப்பொழுது வழங்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பிற் கட்டியவன் நல்லவன். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டவன் நல்லவன். கூலியை அளந்து போட்டபொழுது அளவு குறைந்ததென்று கேளாதவன் நல்லவன். கேட்டவனோ 'ஒழுக்கங் கெட்டவன்', 'திமிர் பிடித்தவன்' எனப்பட்டான். அடிமைப்பட்டுக் கிடத்தலுக்கே அடக்கம் என்று பெயர் சூட்டிய சமுதாயம் இது. ஆதலின், அறம் போதிக்கப் புகுமுன் அந்தச் சொல்லின் மேற் படிந்துள்ள அழுக்கைக் கழுவுதல் நம் முதற் கடமை.

திருக்குறளில் அடக்கமுடைமை 13 ஆம் அதிகாரம். ஒழுக்கமுடைமை 14 ஆம் அதிகாரம். இவ்விரண்டும் பள்ளிகளில் ஓயாமற் சொல்லிக் கொடுக்கப்படுகின்றன; சொல்லிக் கொடுக்கட்டும். ஆனால், அதே நூலில் 97 ஆம் அதிகாரம் மானம் என்பதாகும். அடக்கத்தைப் பாடிய அதே புலவர்தாம் மானத்தையும் பாடினார். அடக்கம் மட்டும் ஒருவனுக்கு, மானம் மட்டும் மற்றொருவனுக்கு என்று அவர் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கற்பிப்பதே ஒழுக்கக் கல்வி. ஒன்றை விட்டு ஒன்றைக் கற்பிப்பது, ஒரு சாராரைப் பணியவும் மறு சாராரை ஆளவும் பழக்குவதாகும்.

நம் தலைவர்களின் வாழ்வைப் பாருங்கள். 1848 ஆம் ஆண்டில் புனே நகரில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கப்பட்டபொழுது, அங்குப் பாடஞ் சொல்லச் சென்ற சாவித்திரிபாய் பூலே அம்மையார் மீது சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள். அவர் மாற்றுப் புடைவை ஒன்றை எடுத்துச் சென்று, பள்ளியில் உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார் என்பர். வீசியவர்களை அவர் வைதாரில்லை, வகுப்பை நிறுத்தினாருமில்லை. 1893 இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஓர் இதழ் தொடங்கினார். எப்பெயரைச் சொல்லி நம்மை இழித்தார்களோ, அந்தப் 'பறையன்' என்னும் பெயரையே இதழுக்குச் சூட்டினார். மறைந்து வாழ்வதில் பெருமை இல்லை என்பதே அவர் கற்பித்த ஒழுக்கம். சுவாமி சகசானந்தர் 1916 இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளியொன்றை நிறுவி, பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் எழுத்தும் தேடித் தந்தார். துறவு பூண்டவர் தம் ஆன்மாவை மட்டும் நினைந்திராமல், பசித்த பிள்ளையின் கலத்தையும் நினைந்தார்.

அண்ணல் அம்பேத்கர் சதாராவில் படித்த நாளில், வகுப்பில் தாம் அமர்வதற்கு ஒரு கோணிப்பையை வீட்டிலிருந்து கொண்டு செல்ல வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாயை அவர் தொடலாகாது. பள்ளி ஏவலாள் வந்து திறந்துவிட்டால் தண்ணீர் உண்டு. ஏவலாள் வரவில்லையேல் தாகத்தோடு இருக்க வேண்டும். அந்தப் பள்ளியிலும் ஒழுக்கம் கற்பிக்கப்பட்டிருக்கும் அன்றோ? உண்மை பேசு, உயிர்க்கு இரங்கு என்று ஆசிரியர் கூறியிருப்பார் அன்றோ? ஆனால், தாகத்தோடு ஒரு சிறுவன் அமர்ந்திருக்க, மற்றவர் நீரருந்தியதைக் கண்டு ஒருவர் நெஞ்சும் உறுத்தவில்லை. நூலில் இருந்த அறம் குழாயடிக்கு வந்து சேரவில்லை.

இது பழங்கதை என்று எவரேனும் கருதுவாராயின், 2023 ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் நடந்ததை நினைவுகூர வேண்டுகின்றோம். தம்மைச் சாதி சொல்லித் துன்புறுத்திய உடன் பயிலும் மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் முறையிட்ட காரணத்தால், நம் பிள்ளை ஒருவர் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்கச் சென்ற தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் எங்கிருந்தோ வந்த கொடியவர்கள் அல்லர். சீருடை அணிந்து பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த மாணவர்கள். பள்ளி தரும் மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை' என்றொரு கட்டம் உண்டு; அதில் 'நன்று' என்று எழுதித் தருவதே வழக்கம். அந்த ஒரு சொல் எவ்வளவு பொருளற்றதாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அந்நிகழ்ச்சிக்குப் பின் தமிழக அரசு, ஓய்வு பெற்ற நீதியரசர் சந்துரு அவர்கள் தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் மாதத்தில் அளிக்கப்பட்ட அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் அணியலாகாது என்றும், பள்ளிகளில் அறநெறி வகுப்பு நடத்தப்பட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. வரவேற்கின்றோம். ஆயினும், கையிலுள்ள கயிற்றை ஆணையிட்டு அறுக்கலாம். மனத்திலுள்ள கயிற்றைப் பழக்கத்தினாலன்றி அறுத்தல் இயலாது.

இதனை அண்ணல் நன்கறிந்திருந்தார். 1948 நவம்பர் 4 ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசியபொழுது, அரசியலமைப்பு நெறி என்பது மனிதனுக்கு இயல்பாக வருவதன்று, அது வளர்க்கப்பட வேண்டியது, நம் மக்கள் அதனை இனிமேல்தான் கற்க வேண்டியிருக்கின்றது என்னும் கருத்தை அவர் எடுத்துரைத்தார். நாட்டுக்குச் சொன்ன அவ்வுரை வீட்டுக்கும் பொருந்தும். நல்லொழுக்கம் பிறப்பால் வருவதன்று. உயர்ந்த குலத்தில் பிறந்தவனிடம் அது தானாக இருப்பதுமில்லை, நம்மிடம் தானாக இல்லாமற் போவதுமில்லை. எவர்க்கும் அது பழகிப் பெறும் செல்வமே.

அன்பர்களே! பிறரைப் பற்றியே பேசிக்கொண்டு போதல் எளிது. நம்மைப் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். வெள்ளி விழா மலரில் எழுதத் தகுந்ததா இது என்று சிலர் தயங்கினர். எழுதத் தகுந்தது இதுவே என்று நாம் கருதினோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் மாலை வகுப்பில் தேர்வுக் கட்டணத்திற்காகத் திரட்டிய 1,200 ரூபாய் காணாமற் போயிற்று. அன்று வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தனர். நாமோ முப்பது பைகளையும் சோதிக்கவில்லை. ஒரே ஒரு பையைச் சோதித்தோம். தூய்மைப் பணியாளர் குடியிருப்பிலிருந்து வந்துகொண்டிருந்த மாணவனின் பை அது. அனைவர் முன்னிலையிலும் நோட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தோம், பணம் இல்லை. இரண்டு நாள் கழித்து, அந்த உறை நம் வீட்டில், வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள் இருக்கக் கண்டோம். அதனை அங்கு வைத்தது நம் கையே. அதற்குள் அம்மாணவன் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

வீட்டிற்குச் சென்றோம். அவன் தாயார் நம்மை வாங்க என்று அழைத்து உட்காரச் சொல்லிவிட்டுக் கூறியதை அப்படியே கூறுகின்றோம்: "பள்ளிக்கூடத்துல எம்புள்ளைய சந்தேகப்பட்டாங்கன்னா அது பழகிப் போச்சுங்க ஐயா. இங்க நம்ம ஆளுங்கதானேன்னு நம்பி அனுப்பி வச்சேன்."

அந்தச் சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. சாதி என்பது படிப்படியாக அடுக்கிய ஏற்றத்தாழ்வு என்றும், ஒவ்வொருவனுக்கும் தனக்குக் கீழே ஒருவனைக் காட்டி அவனை அமைதிப்படுத்துவதே அதன் சூழ்ச்சி என்றும் அண்ணல் விளக்கியதை நாம் மேடைதோறும் பேசியவர்கள். பேசிய நாமே, நமக்குக் கீழே ஒரு பையைத் தேடினோம். அந்தக் கோணிப்பையைச் சதாராவிலிருந்து எடுத்து வந்து, நம் திண்ணையிலேயே விரித்துவிட்டோம்.

மறுநாள், அதே முப்பது பிள்ளைகள் முன்னிலையில், அம்மாணவனையும் தாயாரையும் அமரச் செய்து, நாம் நின்று மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் மதிக்கமாட்டார்கள் என்று பெரியோர் சிலர் தடுத்தனர். நடந்தது வேறு. அதன்பின் பிள்ளைகள் தம் தவறுகளைத் தாமே வந்து சொல்லத் தொடங்கினர். நாம் நடத்திய நூறு அறநெறிப் பேச்சுகள் செய்யாததை அந்த ஒரு மாலைப்பொழுது செய்தது. அம்மாணவன் மூன்று வாரம் வரை எவரிடமும் பேசவில்லை. ஆயினும் வகுப்புக்கு வந்தான், படித்தான், தேறினான். இன்று இவ்விழாவில் தொண்டர்களுள் ஒருவராக நிற்கின்றார். பெயரைச் சொல்லி மீண்டும் ஒருமுறை அனைவர் முன்னிலையிலும் அவரை நிறுத்த நாம் விரும்பவில்லை.

இதிலிருந்து நாம் கற்றவை சில. அவற்றை இன்று சங்கத்தின் நடைமுறையாகக் கொண்டுள்ளோம்.

முதலாவது, எந்தப் பிள்ளையையும் பிறர் முன்னிலையில் விசாரிப்பதில்லை. இரண்டாவது, சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகின்றோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதனைக் கூட்டிச் சரிபார்க்கின்றனர். நேர்மை என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. மூன்றாவது, வகுப்பைப் பெருக்குதலும் தண்ணீர் எடுத்தலும் முறை வைத்து நடைபெறுகின்றன. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடோ, எந்தத் தெரு என்ற வேறுபாடோ அதில் இல்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். மகளைப் பாத்திரம் துலக்கச் சொல்லி, மகனைப் படிக்கச் சொல்லும் வீட்டில் சமத்துவம் பற்றிய நூலை வைத்துப் பயனில்லை. தந்தை குடித்துவிட்டு வந்து, மதுவின் தீமை பற்றிக் கட்டுரை எழுதும் மகனுக்கு என்ன சொல்ல முடியும்? இரவெல்லாம் கைப்பேசியைப் பார்க்கும் நாம், பிள்ளையின் கையிலிருந்து மட்டும் அதனைப் பிடுங்குதல் நீதியாகுமா? பிள்ளைகள் நம் வாயைப் பார்ப்பதில்லை. நம் கால் செல்லும் வழியைப் பார்க்கின்றனர்.

இளைஞர்களே! உங்களை எவரேனும் இழித்துரைத்தால் தலை குனியாதீர்கள். ஆனால், அவர்களைப் போல ஆகவும் முயலாதீர்கள். அவர்கள் கையிற் கட்டும் கயிற்றுக்கு எதிராக வேறொரு வண்ணக் கயிற்றை நீங்கள் கட்டினால், வென்றது அந்தக் கயிறே ஆகும். முறையிட வேண்டிய இடத்தில் முறையிடுங்கள். சட்டம் துணை நிற்கின்றது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு ஒழித்துள்ளது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இல் இயற்றப்பட்டுள்ளது. தனியே செல்லாதீர்கள், சங்கத்தை அழைத்துக்கொண்டு செல்லுங்கள். உரிமை கேட்பதும் ஒழுக்கமே. நமக்குக் கீழே என்று எவரையும் எண்ணாதிருப்பதும் ஒழுக்கமே. இவ்விரண்டில் ஒன்று குறையினும் மற்றது நிலைக்காது.

25 ஆண்டுகளுக்கு முன் நம் கையில் ஒரு கரும்பலகை இருந்தது. அடுத்த 25 ஆண்டுகளில் கட்டடம் உயரலாம், உறுப்பினர் பெருகலாம். ஆயினும், எந்தத் தாயும் தம் பிள்ளையை 'நம்ம ஆளுங்க' என்று நம்பி அனுப்பும் இடமாக இச்சங்கம் இருக்குமாயின், அதுவே நாம் பெறும் பொன்விழாப் பரிசாகும். அந்த நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கின்றோம்.