பின்சீட்டுப் பிள்ளை பாரமா, பங்காளியா?

(பிள்ளைகளும் சாலையும் என்ற பொருளில் நடந்த தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போனார். "என் பையனுக்கு 5 வயது. பின்னால் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து மிதிக்கிற மாதிரி, இரண்டு பேர் ஓட்டும் டாண்டம் சைக்கிள் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டார். வாங்கலாம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்துவிடலாம். ஆனால் அப்படி ஒரே வார்த்தையில் எனக்கு யாரோ சொன்ன பதிலைக் கேட்டுத்தான் நான் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பினாங்குக்காரன். ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை உங்களில் பலருக்குத் தெரியும். பெரியவர்கள் இன்னமும் பிட் ஸ்திரீட் என்றுதான் சொல்வார்கள். 1801இல் நிறுவப்பட்ட பள்ளிவாசல், 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், பின்பக்கமாக 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் ஆலயம் என்று ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் எல்லாம் இருக்கின்றன. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்ட பிறகு அங்கே சுற்றுலாப் பயணிகள் கூட்டம். 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச், பக்கத்தில் ஆர்மீனியன் ஸ்திரீட் சுவரில் ஒரு படம் வரைந்தார். சுவரோடு நிறுத்திய நிஜமான பழைய சைக்கிள் ஒன்றில் அக்காளும் தம்பியும் ஏறிப் போவது போன்ற படம். அக்காள் ஓட்டுகிறாள். தம்பி பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அந்தப் படத்தின் முன்னால் நின்று போட்டோ எடுக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. அதன் பிறகுதான் அந்தப் பக்கத்தில் வாடகைச் சைக்கிள்கள் பெருகின. இரட்டைச் சைக்கிள்களும் வந்தன.

என் மகளுக்கு அப்போது 5 வயது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, நாமும் இப்படிப் போகலாம்" என்றாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. பழைய டாண்டம் ஒன்று விலைக்கு வந்தது. "பிள்ளைக்குச் சரியாக இருக்குமா?" என்று கேட்டேன். "இருக்கும் அண்ணே, சீட்டை இறக்கினால் போதும்" என்றார் விற்றவர். பணத்தைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் லைட் ஸ்திரீட் முனையிலிருந்து கிளம்பினோம். பின்சீட்டை அடிவரை இறக்கியும் அவள் கால் கீழ்ப்பெடலைத் தொடவில்லை. நான் மிதிக்க மிதிக்க, பின்னால் பெடல் தானாகச் சுற்றுகிறது. அவள் கால் ஒரு சுற்றில் எட்டுகிறது, மறுசுற்றில் நழுவுகிறது. பள்ளிவாசலைத் தாண்டுவதற்குள், நழுவிய காலை மேலே ஏறி வந்த பெடல் அடித்துவிட்டது. கணுக்காலில் நல்ல வீக்கம். நாணயமாற்றுக் கடை ஒன்றின் ஐந்தடிப் பாதையில் உட்காரவைத்துத் தேய்த்துவிட்டேன். அவள் அழுகையோடு சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது. "அப்பா, நான் மிதிக்கவே இல்லை. சைக்கிள்தான் என் காலை மிதித்தது."

தப்பு விற்றவருடையது மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையை உட்காரவைத்துப் பார்க்காமல் வாங்கியது நான்தான்.

வழக்கமான டாண்டம் சைக்கிளில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். முன் பெடலையும் பின் பெடலையும் ஒரு செயின் இணைக்கிறது. முன்னவர் எவ்வளவு வேகமாக மிதிக்கிறாரோ அதே வேகத்தில் பின்னவர் காலும் சுற்றியே ஆகவேண்டும். அவர் நிறுத்தினால் இவரும் நிறுத்தவேண்டும். இரண்டு பெரியவர்களுக்கு இது சங்கடமில்லை. 5 வயதுக் குழந்தைக்கு நீளமான கிராங்கும் பொருந்தாது, இந்த வேகமும் பொருந்தாது.

இதற்கு வழி இருக்கிறது. குழந்தைக்கென்றே ஓர் இணைப்பு உபகரணம் உண்டு. பின்சீட்டுக் குழாயின் மேற்பகுதியில் இன்னொரு கிராங்கைப் பொருத்தி, அங்கிருந்து கீழே ஒரு செயின் விடுவார்கள். பிள்ளையின் கால் எட்டுகிற உயரத்துக்குப் பெடலே ஏறி வந்துவிடும். கிராங்கும் குட்டையானது. பிள்ளை வளர வளர அதை இறக்கிக்கொள்ளலாம். சில டாண்டம்களில் தனித்தனியாக மிதிக்கும் வசதியும் இருக்கிறது. அப்பா மிதிக்கும்போது பிள்ளை காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். எனக்குத் தெரிந்தவரையில், குழந்தைக்காக வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டையும்தான். கியர் எத்தனை, கலர் என்ன என்பதெல்லாம் அப்புறம்.

அம்மையார் இன்னொன்றும் கேட்டார். "பின்னால் இருக்கும் பிள்ளை தூங்கிவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?" மிக நல்ல கேள்வி. தெரியாது. திரும்பிப் பார்த்தால் வண்டி ஆடும். இங்கே நம்முடைய பினாங்கு திரிஷாவை நினைத்துப் பாருங்கள். சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் முன்னால் இருந்து மிதித்தார், பயணி பின்னால் உட்கார்ந்தார். பினாங்கில் நேர்மாறு. பயணி முன்னால், மிதிக்கிறவர் பின்னால். பயணி கண் முன்னாலேயே இருக்கிறார். இதே யோசனையில் சில குடும்ப டாண்டம்களைச் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹாசே நிறுவனம் செய்யும் பினோ என்ற சைக்கிளில் முன்னவர் சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கிறார், ஹேண்டிலைப் பிடித்து ஓட்டுபவர் பின்னால். பிள்ளைக்கு வேடிக்கை பார்க்க முழுச் சாலையும் கிடைக்கிறது, உங்களுக்குப் பிள்ளையின் தலை தெரிகிறது. ஆனால் விலை பல ஆயிரம் ரிங்கிட். நடுத்தரக் குடும்பத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்யத் தயங்குகிறேன்.

விலை குறைவான வழி என்றால், உங்கள் சாதாரண சைக்கிளின் சீட்டுக் குழாயில் கோத்து இழுக்கும் அரைச் சைக்கிள். ஒரு சக்கரம், ஒரு சீட், பிள்ளைக்குத் தனி ஹேண்டில், தனிப் பெடல். 4 வயதுக்கு மேல் பயன்படுத்தலாம். வேண்டாத நேரத்தில் கழற்றி வைத்துவிடலாம். குறை ஒன்று உண்டு. பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த ஆட்டம் அப்படியே உங்கள் சீட்டுக்கு வந்து சேரும். முதல் நாள் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகாமல் சாலைக்குப் போகாதீர்கள்.

அதைவிடச் சின்னப் பிள்ளையென்றால் டாண்டம் பேச்சே வேண்டாம். பெல்ட் வைத்த பின்பக்கக் குழந்தை நாற்காலி போதும். அவற்றில் பெரும்பாலானவை 22 கிலோ வரைக்கும்தான். எடை தாண்டிய பிறகும் "இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்" என்று இழுக்கிறோம். நாமெல்லாம் அப்படித்தான்.

பிரேக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். 70 கிலோ அப்பா, 20 கிலோ பிள்ளை, 20 கிலோவை ஒட்டிய இரும்புச் சைக்கிள். மொத்தம் 110 கிலோ. வழக்கமான சைக்கிளில் பழகிய கை, அதே இடத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது. பழைய டாண்டம் வாங்குகிறவர்கள் பிரேக் கட்டையையும் கேபிளையும் மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு ஓட்டி வரவேண்டும். பத்து பெர்ரிங்கி பக்கத்து மேடு பள்ளத்துக்குப் பிள்ளையோடு போக நினைப்பவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்வேன். பாலிக் புலாவின் வயல்வெளிச் சாலைகள் சமதரை. பழகுவதற்கு அங்கே போகலாம்.

ஏறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஓட்டுபவர் முதலில் சைக்கிளைக் கால்களுக்கு நடுவில் வைத்து, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அதன் பிறகு பிள்ளை ஏறவேண்டும். இறங்கும்போது பிள்ளை முதலில், நீங்கள் அப்புறம். காலணி நாடாவை உள்ளே சொருகிவிடுங்கள். பெண் பிள்ளைகளின் துப்பட்டா, பாவாடை ஓரம் எல்லாம் செயினுக்குப் பிடித்தமான தீனி.

ஆங்கிலத்தில் டாண்டம் சைக்கிளின் முன்னவரைக் கேப்டன் என்பார்கள். பின்னவரை ஸ்டோக்கர் என்பார்கள். நீராவிக் கப்பலில் உலைக்குக் கரி அள்ளிப் போடுகிற ஆளுக்குப் பெயர் ஸ்டோக்கர். கப்பித்தான் பெயர் கொண்ட சாலையில் நானும் ஒரு கப்பித்தானாக என்னை நினைத்துக்கொண்டுதான் அன்று ஓட்டினேன். அங்கேதான் எனக்குப் புத்தி பிசகியது. பின்னால் இருப்பவளுக்கு என் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பள்ளம் வருவது தெரியாது, பிரேக் போடுவது தெரியாது, வளைவது தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கண் பார்வையற்ற வீரர்கள் பாராலிம்பிக்கில் டாண்டம் ஓட்டுகிறார்களே, எப்படி? முன்னால் பார்வையுள்ள ஒருவர், பின்னால் அந்த வீரர். இருவருக்கும் இடையே நல்ல பேச்சும் பழக்கமும் இருப்பதால்தான் அந்த வேகத்தில் போக முடிகிறது. பதக்கம் இருவருக்கும் சேர்த்துத்தான். நம் பிள்ளையும் பின்சீட்டில் அப்படிப்பட்ட பங்காளிதான். நாமோ அரிசி மூட்டை மாதிரி ஏற்றிக்கொண்டு போகிறோம்.

அந்த இணைப்பு உபகரணத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பழைய சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துப் பொருத்தினேன். அவர் முதலில் கேட்டது, "பிள்ளை எங்கே?" என்பதுதான். மகளை அழைத்துப் போனேன். உட்காரவைத்துக் கால் நீளம் பார்த்து, பெடலில் பட்டை கட்டி, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு நாங்கள் இருவரும் வார்த்தைகள் வைத்துக்கொண்டோம். பள்ளம் வந்தால் "மேடு", நிறுத்துவதற்கு முன் "நிற்கிறோம்", காலை ஓய்வாக வைக்க "சும்மா". சூலியா ஸ்திரீட் சந்திப்பில் பின்னால் மோட்டார் வருகிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அந்த வேலையைக் கொடுத்த பிறகு அவள் ஒரு தடவைகூடத் தூங்கவில்லை.

ஐயா ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தார். "டாண்டத்தில் போகிற பிள்ளை சொந்தமாகச் சைக்கிள் ஓட்டவே கற்றுக்கொள்ளாது" என்றார். பாதி உண்மை. சமநிலையை டாண்டம் கற்றுத் தராது, அதை நீங்கள்தான் தாங்கிப் பிடிக்கிறீர்கள். அதற்குப் பெடல் இல்லாத சின்னச் சைக்கிளில் வீட்டு முற்றத்தில் தனியாகப் பழக்கவேண்டும். ஆனால் சாலையைக் கற்றுத் தரும். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த சைக்கிள்களோடு நள்ளிரவுக்குப் பின் சாலைக்கு வந்த 8 பதின்ம வயதுப் பிள்ளைகள் கார் மோதி மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. அந்தச் செய்திக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் சைக்கிளைப் பூட்டி வைத்தார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் சிவப்பு விளக்கில் நிற்பதையும், கார்க் கதவு திறக்குமோ என்று பார்ப்பதையும், சாக்கடை மூடியின் இடுக்கைத் தவிர்ப்பதையும் என் மகள் 6 வயதிலேயே என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

கடைசியாக அம்மையாருக்கு ஒன்று. வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு, வெயிலும் வாகனமும் ஏறுவதற்குள், வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அது பெரியவர்களுக்கான டாண்டமாகத்தான் இருக்கும். ஓட்டிப் போகவேண்டாம். பையனைப் பின்சீட்டில் ஏற்றி, ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, கீழ்ப்பெடலுக்கும் அவன் பாதத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த அளவோடு கடைக்குப் போய், "இந்த இடைவெளியை எதைப் போட்டு நிரப்புவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்த கடையில் வாங்குங்கள். சீட்டை இறக்கினால் போதும் என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

என் மகள் இப்போது தனிச் சைக்கிளில் போகிறாள். டாண்டம் வீட்டுப் பின்கட்டில் நிற்கிறது. தங்கை மகனுக்கு அடுத்த ஆண்டு 5 வயது ஆகிறது. பெடலை மறுபடியும் மேலே ஏற்றவேண்டும்.