ஆயிரம் மாட்யூல் வேணும், ஒன்பது போதும்: திருத்துறைப்பூண்டி ஜங்ஷன் நம்ம ஃபிளாட்டுக்குள்

இன்னைக்கு ஒரு கணக்கோட ஆரம்பிக்கலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியா அகஸ்தியம்பள்ளி வரைக்கும் ரயில் பாதை 37 கிலோமீட்டர். அதை 120-ல் ஒரு பங்கா சுருக்கினாலும் 308 மீட்டர் வரும். வேளச்சேரியில எவ்வளவு பெரிய ஃபிளாட் எடுத்தாலும் பத்தாது.

அதனால முழு லைனையும் வீட்டுக்குள்ள கொண்டுவர ஆசைப்பட வேண்டாம். துண்டு துண்டா செய்யலாம். ஜப்பானில் ஆரம்பிச்ச டி-டிராக் முறை இதுக்குத்தான். ஒவ்வொரு மாட்யூலும் சுமார் 31 செ.மீ. நீளமுள்ள தனி மரச் சட்டம், மேலே 9 மி.மீ. தண்டவாளம். பக்கத்துல பக்கத்துல வெச்சு ஜாயினரை அழுத்தினா லைன் ரெடி. சுவத்துல ஆணி அடிக்க வேண்டாம். 11 மாச அக்ரிமென்ட் முடிஞ்சா, கழட்டி அட்டைப்பெட்டியில அடுக்கிட்டுக் கிளம்பலாம். ஹவுஸ் ஓனரை மனசுல வெச்சே யாரோ யோசிச்ச மாதிரி இருக்கு! அந்த 37 கிலோமீட்டருக்கு இப்படி ஆயிரம் மாட்யூல் ஆகும். நம்ம பத்தடி சுவர் ஓரத்துல ஒன்பது நிக்கும்.

ஏன் 120-ல் ஒரு பங்கு? 9 மி.மீ. தண்டவாளம் பொதுவா என் ஸ்கேலுக்கு, அதாவது 160-ல் ஒரு பங்குக்கு. அது வெளிநாட்டு 1435 மி.மீ. பாதையோட கணக்கு. டெல்டாவுல ஓடினது மீட்டர் கேஜ், 1000 மி.மீ. 120-ஆல வகுத்தா 8.33. ஒன்பதுக்குக் கிட்ட வந்துடுது. தண்டவாளத்தையும் என்ஜினோட அடிப்பகுதியையும் என் ஸ்கேல்ல வாங்கிட்டு, ஒய்டிஎம்-4 டீசல் என்ஜினோட மேல்கூட்டை 3டி பிரின்ட் பண்ணிக்கலாம். பளபளன்னு ஒரு ஜெர்மன் ரயிலை வாங்கி ஓட்டுறதும் ஜாலிதான். ஆனா அதுல நம்ம ஊர் இல்லையே.

எந்தத் துண்டை எடுக்கிறது? என் ஓட்டு ஜங்ஷனுக்கு. திருவாரூர் - காரைக்குடி லைன்ல இருந்து உப்பளத்துப் பக்கம் பாதை பிரியுற இடம். மீட்டர் கேஜ் காலத்துல கம்பன் எக்ஸ்பிரஸ் இந்த வழியாத்தான் காரைக்குடி போச்சு. நடுவுல நாலு மாட்யூல் ஸ்டேஷன், அதுல என்ஜினும் அஞ்சாறு பெட்டியும் நிக்கும். ஒரு பக்கம் முள்ளியாறும் வயலும், இன்னொரு பக்கம் உப்பளம். வேகனைக் கழட்டி மாட்டுற வேலையே ஒரு சாயங்காலத்துக்குப் போதும். வட்டமா சுத்துற ரயில் பத்து நிமிஷத்துல போரடிச்சிடும்.

டெல்டா தட்டையான நிலம், செய்யறது ஈஸின்னு தோணும். அங்கதான் சிக்கல். வயலையும் தண்டவாளத்தையும் ஒரே மட்டத்துல வெச்சா மேஜை விரிப்பு மாதிரி ஆயிடும். நிஜத்துல ரயில் போறது மண்மேட்டு மேல. அதனால வயலை 2 செ.மீ. இறக்குங்க, இந்த அளவுல அது 2.4 மீட்டர் சரிவு. வாய்க்கால் வர்ற இடத்துல ஒரு சின்னப் பாலம். நாத்துக்குத் தேங்காய் நாரைப் பச்சைச் சாயத்துல முக்கி, பொடியா நறுக்கி நடலாம். வயல் தண்ணிக்கு மெல்லிசா எபாக்ஸி ரெசின். உப்பளத்துக்கு மட்டும் நிஜ உப்பைக் கொட்டாதீங்க, ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தைக் கெடுக்கும். கல்லுல அரைச்ச வெள்ளைக் கோலமாவு போதும். அரிசி மாவுன்னா எறும்பு வந்துடும்.

பிளைவுட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. இப்ப அங்க போனா பிராட் கேஜ்தான். அகஸ்தியம்பள்ளி லைன் பல வருஷம் மூடிக் கிடந்து, 2023 ஏப்ரல் 8-ல் தான் மறுபடி திறந்தாங்க. பழைய யார்டு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்ச ரயில்வே தாத்தாக்களுக்கு வயசாகிட்டே போகுது. ஐஆர்எஃப்சிஏ தளத்துல ரசிகர்கள் எடுத்த பழைய ரயில் படங்கள் நிறைய இருக்கு. ஆனா உப்பு வேகனை எந்த லைன்ல நிறுத்தினாங்க, டீக்கடை எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு படம் சொல்லாது. சொந்தக்காரங்க யாராவது அந்தப் பக்கம் இருந்தா, ஒரு பேப்பரைக் கொடுத்து வரையச் சொல்லுங்க. ஃபோன்ல ரெக்கார்டும் பண்ணிக்கோங்க.

அவங்க வரைஞ்சு தர்ற வரைக்கும் ஸ்டேஷனைத் தொடாதீங்க. முதல் மாட்யூலா ஒரே ஒரு வயலைச் செய்ங்க.