மாசு என்னும் சொல்
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



குடமுழுக்கிற்கு முன்னர்ப் புண்ணியாகவாசனம் முதலிய சுத்திகள் நிகழ்கின்றன. நீக்கப்படும் மாசு யாது, அது தங்குமிடம் யாது என்று ஆராய்தல் இவ்வமயத்திற்கு ஏற்புடைத்து.

மாசு, ஆசு, மறு என்பன குற்றத்தையும் அழுக்கையும் குறிக்கும் தமிழ்ச் சொற்கள். திருவள்ளுவர் மாசினை மனத்தின்கண் வைத்து, ஆண்டு அஃதின்மையே அறம் என்றார். வடசொல்லாகிய மலம் சைவ நூல்களில் ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்றற்கும் பொதுப்பெயர் ஆயிற்று. இறைவன் இயல்பாகவே பாசங்களின் நீங்கியவன், ஆதலின் அவன் நின்மலன், அமலன், விமலன், திருவாவடுதுறையில் மாசிலாமணியீசுவரர்.

வைகை பாயும் வயல்களில் விளையும் நெல்லைக் காண்மின்! உமி புறத்தேயிருந்து வந்து ஒட்டியதன்று, நெல்லொடு உடன்தோன்றியது. ஆணவமும் அவ்வாறே உயிரை அநாதியே பற்றியது. உமியில்லா நெல் எவ்வயலிலும் விளையாதவாறு போல, ஆணவமில்லா உயிர் எக்குடியிலும் பிறப்பதில்லை. குத்தினாலன்றி உமி நீங்காது. திருவருளாலன்றி ஆணவம் நீங்காது.

தீட்டு என்பதோ வேறு. தீண்டு என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல், தொடுதலால் நேர்வது எனப் பொருள்படும். பிறப்பு இறப்புப் பற்றிய தீட்டு, நாள் கழிந்தால் நீராடித் தீர்வது. அதனையே சிலர்மேல் வாழ்நாள் முழுதும் ஏற்றியபோது சொல்லும் பிறழ்ந்தது, அறமும் பிறழ்ந்தது.

மதுரையிலேயே இதற்குச் சான்று உண்டு. சிவனடியாரைக் கண்டமையாற் சமணர் தமக்குக் 'கண்டுமுட்டு' என்றனர். அவர் சொல்லக் கேட்டமையாற் பாண்டியன் தனக்குக் 'கேட்டுமுட்டு' என்றான் என்று சேக்கிழார் கூறுவர். முட்டு என்பது ஈண்டுத் தீட்டு. அம்மன்னனது வெப்பு நோய் பின்னர்த் திருஞானசம்பந்தர் இட்ட திருநீற்றால் தணிந்தது. அன்று அடியார்மேற் சுமத்தப்பெற்ற அச்சொல்லின் பொருளையே பின்னாளிற் சைவரும் பிறர்மேற் சுமத்தினர் என்பது எண்ணுந்தோறும் வருத்துவதாம்.

1939 ஆம் ஆண்டு சூலை 8 ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையிற் கக்கன் முதலிய அன்பர்கள் மீனாட்சியம்மன் திருக்கோயிலுட் புகுந்து வழிபட்டனர். தீட்டு நேர்ந்தது என்று எதிர்த்தாரும் உளர். அவ்வாண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அடியார் வரவால் அம்மை சந்நிதி மாசுறவில்லை. தடுத்தார் நெஞ்சில் இருந்த மாசே வெளிப்பட்டது.

இத்திருப்பணிக்குப் பொன்னும் பொருளும் உழைப்பும் ஈந்த அன்பர்கள் பலர். கல்லிற் பெயர் பொறித்தல் குற்றமன்று; 'யான் ஈந்தேன்' என்று நெஞ்சிற் பொறித்தலே ஆணவத்தின் செயல். அரிசியை வெண்மையாக்குதலையும் தீட்டுதல் என்பர் நம் தாய்மார். பிறர்மேல் ஏற்றும் தீட்டினை விடுத்து, நம் உள்ளத்தை அரிசிபோல் தீட்டுவோமாக. குடத்து நீர் கலசத்தின்மேல் விழும்பொழுது அருகில் நிற்பார் யாவர் என்று நோக்காது, அனைவரும் ஒருங்கே கைகுவிப்போமாக.

திருச்சிற்றம்பலம்.