12 பேருக்கும் ஒரே நோட்டு



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க. எங்க குழுவில் 12 பேர். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, முறுக்கு, அதிரசம் செஞ்சு விக்கிறோம். "போன்ல ஆர்டரும் கணக்கும் எழுதுறதைப் பத்திச் சொல்லு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதைச் சொல்றதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லியாகணும்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தின தீபாவளி. அப்போ நாங்க 4 பேர் ஆர்டர் வாங்குவோம். ஒருத்தர் போன்ல, ஒருத்தர் வாட்ஸ்அப்ல, ஒருத்தர் சந்தையில், நான் வீட்டு வாசல்ல. நோட்டு என் வீட்டில் இருக்கும். ஒரே வீட்டுக்காரங்க என்கிட்டயும் சொல்லி, ஊக்குநர் அக்காகிட்டயும் சொல்ல, 10 கிலோ முறுக்கை ரெண்டு தடவை சுட்டோம். இன்னொரு வீட்டு வளைகாப்பு ஆர்டரை யாருமே எழுதல. அவங்க வந்து நின்னப்போ கொடுக்க எதுவுமில்லை.

அதைவிடப் பெருசு, கணக்கில் 1,850 ரூபாய் குறைஞ்சது. சந்தைப் பணம் வாங்கி வந்த ஒரு அக்கா மேல எல்லார் பார்வையும் போச்சு. யாரும் வாய்விட்டுத் திருடின்னு சொல்லல. ஆனா சொல்லாத சொல்லும் சுடும். அவங்க கூட்டத்துக்கு வர்றதை நிறுத்திட்டாங்க.

மூணு வாரம் கழிச்சு வீடு கூட்டுறப்போ, கிழிச்சு வச்ச காலண்டர் தாள் ஒண்ணு கிடைச்சது. பின்பக்கம் என் கையெழுத்து. "சந்தை 1,850". அடுப்பில் எண்ணெய் காய்ஞ்சிட்டிருந்த நேரத்தில் அக்கா பணத்தை என் கையில்தான் கொடுத்திருக்காங்க. நான் அரிசி டப்பாவில் போட்டுட்டு மறந்திருக்கேன். அன்னிக்கே அவங்க வீட்டுக்குப் போய் நின்னேன். "பணம் போனா சம்பாதிக்கலாம், பேரு போனா எங்க போய் வாங்குறது?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாடியும் என் தப்பை ஒத்துக்கிட்டேன்.

அப்புறம்தான் பதினொண்ணாவது படிக்கிற என் பொண்ணு வழி காட்டினா. குழுவுக்குன்னு தனியா ஒரு ஜிமெயில் கணக்கு திறந்தோம். இந்த ஒரு கணக்குக்குள்ளேயே எல்லாம் இருக்கு. ஆர்டர் எழுத கூகுள் ஷீட், தேதி நினைவூட்ட காலண்டர், காகிதங்களைப் பத்திரப்படுத்த டிரைவ், தூரத்தில் இருக்கிறவங்களோட பேச மீட். காசு கட்ட வேண்டியதில்லை. 15 ஜிபி இடம் சும்மாவே தர்றாங்க, நமக்கு அது தாராளம்.

ஷீட்டுங்கிறது கட்டம் போட்ட நோட்டுதான். தேதி, வாங்குறவர் பேர், ஊர், சரக்கு, எத்தனை கிலோ, கொடுக்க வேண்டிய நாள், முன்பணம், பாக்கி, ஆர்டர் வாங்கியது யார். ஒருத்தர் எழுதினா மத்தவங்க போன்ல அப்பவே தெரியும். ஆண்ட்ராய்டு போன்ல ப்ளே ஸ்டோருக்காகப் போட்ட ஜிமெயிலே இதுக்குப் போதும். ஆர்டர் வாங்குற 4 பேருக்கு எழுத அனுமதி, மத்தவங்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருக்கோம். யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு கணினியில் திறந்தா பழைய பதிவுகளைப் பார்க்கலாம். அழிஞ்சதையும் மீட்கலாம். டைப் பண்ண வராதவங்க மைக்கைத் தொட்டுத் தமிழ்ல பேசினா எழுத்தா விழும். ஆஃப்லைன்னு குறிச்சு வச்சுட்டா சிக்னல் இல்லாத சந்தையிலும் எழுதலாம். சிக்னல் வந்ததும் தானா சேர்ந்துக்கும்.

டிரைவ்ல உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, மளிகை பில், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் படமா இருக்கு. வங்கியில் கேட்டா வீட்டுக்கு ஓட வேண்டாம். காலண்டர் 2 நாள் முன்னாடியே மணி அடிக்கும்.

ஆனா போன் எல்லாத்தையும் பார்த்துக்கும்னு நினைச்சிடாதீங்க. எழுதினாத்தான் அதுவும் சொல்லும். அதனால எங்க குழுவில் ஒரு விதி. பணம் வாங்கினவர் அங்கேயே எழுதணும். கொடுத்தவர் தன் போன்ல அதைப் பார்த்த பிறகுதான் நகரணும். போன் இல்லாத 2 பேருக்கும், வீட்டுக்காரர் கையில் போன் இருக்கிற தங்கச்சிக்கும், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஷீட்டை வரிக்கு வரி வாசிப்போம். தீர்மானப் புத்தகமும் கையெழுத்தும் பழையபடி காகிதத்தில்தான்.

இன்னும் சில விஷயம். கணக்கை யார் வீட்டுப் பையன் பேர்லயும் திறக்காதீங்க. பாஸ்வேர்டு 2 பொறுப்பாளருக்குத் தெரிஞ்சா போதும். ரெண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு வையுங்க. ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. பணம் ஏமாந்துட்டா உடனே 1930க்கு அடிங்க. லிங்க் வச்சிருக்கிற எல்லாரும் திருத்தலாம்னு திறந்து விடாதீங்க.

அந்த அக்கா திரும்ப வந்துட்டாங்க. உடனே வரல, 4 மாசம் ஆச்சு. இப்போ தினமும் ராத்திரி ஷீட்டைப் பார்க்கிறது அவங்கதான். போன மாசம் 450ன்னு போட வேண்டியதை நான் 540ன்னு போட்டுட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்ணினாங்க. "கணக்கைத் திருத்திடும்மா. காலையில் உன் பேர் கெட்டுடக் கூடாதேன்னுதான் இப்பவே கூப்பிட்டேன்"னாங்க.

அன்னிக்கு அவங்க பேரை நான் காப்பாத்தல. என் பேரை அவங்க காப்பாத்தினாங்க. உங்க குழுவிலும் இப்படி ஒரு பொது நோட்டு இருக்கட்டும். சந்தேகம் வர்றதுக்கு முன்னாடியே திறந்து வையுங்க.