பாடத்தில் எது பிடித்தது?



நம் மைசூர் யாதவகிரியில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல் தடவை தவறியது ஆங்கிலத்தில்தான்! தந்தையோ பள்ளித் தலைமையாசிரியர். அந்த ஒரு வருடம் தமக்குப் பிடித்த நூல்களைப் படித்தார், எழுதவும் தொடங்கினார். பிறகு மகாராஜா கல்லூரியில் பி.ஏ. முடித்தார். 1935-ல் முதல் நாவல் வெளிவந்தது. 1989-ல் மாநிலங்களவையில் அவர் பேசியது குழந்தைகளின் புத்தகச் சுமையைப் பற்றி.

விஞ்ஞானப் பரிசோதனையில் தான் கண்டதையே மாணவன் எழுத வேண்டும். பக்கத்து மேஜைக்காரன் கண்டதை அல்ல. கதைக்கும் சொற்பொழிவுக்கும் அதே விதிதான். நோட்ஸை உருப்போட்டால் மார்க் வரும். சொந்த அபிப்பிராயம் வராது.

பேரக்குழந்தைகளிடம் மார்க்கைக் கேட்கும் முன், பாடத்தில் எது பிடித்தது, ஏன் என்று கேளுங்கள். பதிலைத் திருத்தாமல் கேளுங்கள்.